பிசகுவது ஒட்டில் அல்ல, நிற்பதில்

பனோரமா சரியாக வராவிட்டால் முதல் பழி மென்பொருள் மேல்தான் விழுகிறது. வேறொன்றில் போட்டுப் பார், காசு கொடுத்து வாங்கினால் நன்றாக வரும் என்று யோசனை சொல்பவர்களுக்கும் குறைவில்லை. படங்களைப் பொருத்தும் கணக்கோ இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. இன்றைக்கு ஒட்டு பிசகினால், படம் எடுத்தவர் நின்ற விதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு படத்தின் ஓரம் கால்வாசியாவது அடுத்த படத்திலும் வரும்படி எடுத்துவிட்டால், இரண்டுக்கும் பொதுவான இடங்களைத் தேடுவதுதான் மென்பொருளின் முதல் வேலை. வெறும் வானத்தில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது. ஜன்னல் மூலை, பாறை விளிம்பு என்று ஏதாவது வேண்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் லோ 1999இல் வெளியிட்ட சிஃப்ட் முறை, அப்படிப்பட்ட ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வெளிச்சம் எந்தத் திசையில் எவ்வளவு மாறுகிறது என்பதை 128 எண்களாகக் குறித்துவைக்கிறது. எண்கள் ஒத்துவரும் புள்ளிகள் ஜோடி சேர்கின்றன. தப்பான ஜோடிகளும் நிறையவே சேரும். ஒரே மாதிரி ஜன்னல்கள் வரிசையாக இருந்தால் மூன்றாவதை ஐந்தாவதோடு முடிச்சுப் போட்டுவிடும். இவற்றைக் களைவது, மார்ட்டின் ஃபிஷ்லரும் ராபர்ட் போல்ஸும் 1981இல் தந்த ரான்சாக். குருட்டாம்போக்கில் நான்கு ஜோடிகளை எடுத்து, இவை சரியென்றால் ஒரு படம் மற்றதன்மேல் எப்படி உட்காரும் என்று கணக்கிடும். மற்ற ஜோடிகளில் எத்தனை அதற்கு ஒத்துவருகின்றன என்று எண்ணும். இப்படிப் பல நூறு தடவை செய்து, அதிக ஆதரவு பெற்றதை வைத்துக்கொள்ளும். உண்மையான ஜோடிகள் ஒரே கதையைச் சொல்லும், தப்பானவை பெரும்பாலும் ஆளுக்கொன்று சொல்லும். முறையின் சூட்சுமம் அவ்வளவுதான். 2003இல் மேத்யூ பிரௌனும் லோவும் இவ்விரண்டையும் சேர்த்து, கலைந்து கிடக்கும் படக்குவியலிலிருந்து எவை ஒரே காட்சியைச் சேர்ந்தவை என்பதையும் கணினியே கண்டுபிடிக்கும்படி செய்தார்கள். ஆட்டோஸ்டிட்ச் என்ற மென்பொருள் அப்படிப் பிறந்தது. இலவசமாகக் கிடைக்கும் ஹியூகினும் அடிப்படையில் இதே வழியில்தான் போகிறது.

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையை நம்பியிருக்கிறது: கேமரா திரும்பலாம், இடம் பெயரக் கூடாது. 60 பாகை அகலத்தைப் பார்க்கும் 4000 பிக்சல் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு படங்களுக்கிடையில் லென்ஸ் பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் நகர்ந்தால், தொலைவிலுள்ள பின்னணியை ஒப்பிட, ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் தூண் ஏறத்தாழ 350 பிக்சல் விலகும். 100 மீட்டர் தள்ளியுள்ள மரம் மூன்று நான்கு பிக்சல்தான். கையை நீட்டிப் போனைப் பிடித்தபடி உடம்பைத் திருப்புகிறவர் லென்ஸைத் திருப்புவதில்லை, ஒரு வட்டத்தில் நடத்திச் செல்கிறார். வெளிச்சம் லென்ஸுக்குள் நுழைவதாகத் தோன்றும் இடம் அசையாமல் நிற்க, அதையே அச்சாக வைத்துத் திருப்ப வேண்டும்.

போனில் எல்லோரும் இப்படித்தானே எடுக்கிறார்கள், நன்றாகத்தானே வருகிறது என்று கேட்கலாம். மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்கை எடுத்தால் வரும்; மூன்று பிக்சல் பிசகு கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக் கூடத்தில் எடுத்துப் பார்த்தால் நாற்காலிக் கால் ஒடிந்து நிற்கும். இன்றைய மென்பொருள் தூணைச் சுற்றி வளைத்து வெட்டுக்கோட்டைப் போட்டு ஒட்டை மறைத்துவிடுகிறதே என்பது இன்னும் கனமான வாதம். ஆனால் தூண் ஒவ்வொரு படத்திலும் சுவரின் வேறொரு பகுதியை மறைத்திருக்கிறது. மென்பொருள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விட்டுவிடுகிறது. கல்யாண ஆல்பத்துக்கு அது போதும், கட்டடத்தை அளந்து ஆவணப்படுத்தப் போதாது. நியாயமான விதிவிலக்கு ஒன்று உண்டு. சுவரோவியம் போல முழுக்கத் தட்டையான பரப்பென்றால், பக்கவாட்டில் நடந்துகொண்டே எடுத்தாலும் கணக்கு பிசகாது.

வெளிச்சமும் எடுக்கும்போதே தீர்க்க வேண்டிய விஷயம். பிரகாச வேறுபாட்டைக் குழைத்து ஒட்டும் முறையைப் பர்ட்டும் ஏடெல்சனும் 1983லேயே கொடுத்துவிட்டார்கள். நகர்ந்துவிட்ட நிழலை அது என்ன செய்யும்? செவ்வாயில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி 2019 நவம்பர் 24 முதல் டிசம்பர் 1 வரை ஒரே இடத்தில் நின்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது; அவை சேர்ந்து ஏறத்தாழ 180 கோடி பிக்சல் பனோரமாவானது. வெளிச்சம் மாறாதிருக்க, அங்கத்திய நேரப்படி பகல் 12 முதல் 2 மணிக்குள் மட்டுமே கேமரா வேலை செய்தது. கணினி வசதிக்குப் பஞ்சமில்லாத நாசாவே இந்தக் கட்டுப்பாட்டை விடவில்லை. நம் போனில் எக்ஸ்போஷரை லாக் செய்வதும், அருகிலுள்ள பொருளை ஒட்டு விழும் ஓரத்துக்கு விடாமல் ஏதாவது ஒரு படத்தின் நடுவில் வைப்பதும் அதே ஜாக்கிரதைதான்.