பாவு போடலாமா?

“என்னாண்ணா, இன்னிக்கிப் பாவு போட்டுடலாமா?”

“கெழக்கால இருட்டிக்கினு வருதுப்பா. நாளைக்கிப் பாத்துக்கலாம்.”

ஐப்பசி மாதத்தில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் இப்படிப் பேச்சு காதில் விழலாம். பேச வேறு ஒன்றும் இல்லாதவர்கள்தான் வானிலை பேசுவார்கள் என்பது தறிக்காரர்களுக்குப் பொருந்தாது. சேலையின் நீளவாட்டில் ஓடும் ஆயிரக்கணக்கான இழைகள்தான் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, கஞ்சி போட்டுக் காயவிட வேண்டும். காய்வதற்குள் தூறல் பிடித்தால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு அன்றைய வேலை பாழ்.

அப்படியானால் நல்ல வெயிலில் செய்யலாமே? செய்யமாட்டார்கள், விடியற்காலையில்தான் தெருவுக்கு வருவார்கள். 27 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். காற்றிலுள்ள நீராவி கொஞ்சமும் குறையாமலே, மதியம் 37 டிகிரி ஆகும்போது அது 45 விழுக்காடாக இறங்கிவிடும். சூடான காற்றுக்கு அவ்வளவு தாகம். அந்தத் தாகத்தைப் பட்டிடமும் தீர்த்துக்கொள்ளும்.

பட்டு ஃபைப்ராயின் என்ற புரதத்தால் ஆனது. அதன் சங்கிலிகள் சில இடங்களில் நீர் புகமுடியாதபடி நெருக்கமாகவும், சில இடங்களில் தளர்வாகவும் கிடக்கின்றன. தளர்ந்த இடங்களில் நீர் மூலக்கூறுகள் குடியேறினால் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகரும்; இழை வளைந்து கொடுக்கும். நீர் போய்விட்டால் விறைத்து, நிலைமின்சாரம் ஏறிச் சிலிர்த்து, பட்டென்று அறும். கத்திரி வெயில் நாட்களில் சாம்பல் தொட்ட விரலால் அறுந்த முனைகளை முறுக்கி ஒட்டியே பொழுது போய்விடும். ஈரம் மிதமிஞ்சினாலும் வம்புதான்: பருத்தி நூல் நனைந்தால் வலுக்கும், பட்டு நனைந்தால் வலு இழக்கும்.

குழித்தறியில் பாவு தரையை ஒட்டி ஓடுவதால் மண்ணின் ஈரம் கோடையில் அதற்குக் கைகொடுக்கிறது. அடைமழையில் அதே குழியில் தண்ணீர் ஊறி, தறி சும்மா நிற்கும். கூலியும்தான்.

இதில் காசுக் கணக்கு இன்னொன்றும் உண்டு. நெசவாளர் பட்டை எடைபோட்டு வாங்கி, சேலையை எடைபோட்டுக் கொடுக்கிறவர். அரை கிலோ பட்டு, வறண்ட மதியத்துக்கும் மழைக்கால விடியலுக்கும் இடையே 20 கிராமுக்கு மேல் கூடிக் குறையும். யாரும் திருடவில்லை; காற்று எடுத்ததும் கொடுத்ததும். பிரான்சின் லியோன் நகர வியாபாரிகளுக்கும் இதே தலைவலிதான். நெப்போலியன் காலத்தில், 1805-இல், பட்டின் ஈரத்தை அளந்து எடையை உறுதிசெய்ய அங்கே தனி நிலையமே அமைத்தார்கள். பின்னாளில் நிலைத்த முறை இது: மாதிரியை அடுப்பில் முழுக்க உலர்த்தி நிறுத்து, அந்த எடையோடு 11 விழுக்காடு சேர்த்துக்கொள்வது. உலகப் பட்டுச் சந்தையில் இன்றும் அந்த 11 தான் கணக்கு.