கருவி வருமுன் கை பழகட்டும்!
வைப்ரபோன் கற்க விரும்புவோருக்குச் சில வழிகள்

பங்காருபேட்டை ரெயில் நிலையத்தில் காலை வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், டிபன் பாக்ஸ் மூடியில் விரலால் தாளம் போடும் இளைஞர் ஒருவராவது இருப்பார். பெங்களூரில் வேலை, மனமெல்லாம் பாட்டு!

தங்கவயலுக்கு மேல்நாட்டு இசை புதிதல்ல. வெள்ளைக்காரர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் கூடிய கிளப்புகளில் பாண்டு முழங்க நடனம் நடந்த காலம் உண்டு. சுரங்கத்தில் இறங்கிய தமிழ்த் தொழிலாளிக்கு அந்த வாசற்படி எளிதில் எட்டவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கமும் மூடப்பட்டது.

அந்த ஜாஸ் இசையில் அரிய வாத்தியம் வைப்ரபோன். தொழிலாளி வீட்டுப் பிள்ளை அதைக் கற்க முடியுமா? முடியும்.

ஜலதரங்கத்தின் உறவு

ஜலதரங்கத்தில் நீர் நிரப்பிய கிண்ணங்களைக் குச்சியால் தட்டுகிறார்கள். வைப்ரபோனில் கிண்ணத்துக்குப் பதில் அலுமினியக் கலவைப் பட்டைகள். மூன்று ஸ்தாயிக்கு மொத்தம் 37. ஹார்மோனியத்தின் வெள்ளை, கறுப்புக் கட்டைகளைப் போல இரண்டு வரிசை.

ஒவ்வொரு பட்டையின் கீழும் ஒரு குழாய். குழாயின் வாயில் மோட்டாரால் சுழலும் சிறு தகடு. அது திறந்து மூடும்போது நாதம் அலை அலையாக எழும். 1920-களில் அமெரிக்காவில் பிறந்த கருவி இது.

மூலையில் கிடந்தது

1930-ல் லூயி ஆம்ஸ்டிராங் இசைத்தட்டுப் பதிவுக்குச் சென்றார். ஸ்டூடியோ மூலையில் ஒரு வைப்ரபோன் கிடந்தது. 'வாசிக்கத் தெரியுமா?' என்று தமது டிரம்ஸ்காரர் லயனல் ஹாம்ப்டனைக் கேட்டார். அன்று ஹாம்ப்டன் வாசித்தது ஜாஸ் வரலாற்றில் நிலைத்துவிட்டது.

எப்படி முடிந்தது? சிறுவனாகச் சிக்காகோவில் இருந்தபோதே அவர் மரப்பட்டைகள் கொண்ட சைலபோன் பழகியிருந்தார். வைப்ரபோன் அவருடையதல்ல, பயிற்சி அவருடையது.

காலுக்கும் பாடம்

தட்டுவது எளிது, நிறுத்துவதுதான் கடினம். உலோக நாதம் நீண்டு ஒலிக்கும். முன் ஸ்வரம் அடங்காமல் அடுத்ததைத் தட்டினால் இரண்டும் குழம்பும். இதற்காகவே காலடியில் பெடல் இருக்கிறது. மிதித்தால் நாதம் நீளும், விட்டால் அடங்கும். கையும் காலும் ஒன்றை ஒன்று அறிந்து நடக்க வேண்டும்.

முதலில் இரண்டு குச்சி. வலது, இடது என மாறி மாறித் தட்டிப் பழக வேண்டும். பிறகு கைக்கு இரண்டாக நான்கு. அப்போது பியானோவைப் போல ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும்.

நான்கு குச்சி வாசிப்பில் பெயர் பெற்றவர் கேரி பர்ட்டன். இந்தியானா மாநிலத்துச் சிற்றூரில் ஆறு வயதில் தொடங்கி, பெரும்பாலும் தாமே கற்றவர். 1971 முதல் பாஸ்டன் நகரின் பெர்க்லியில் ஆசிரியராக இருந்தார்.

பெங்களூர்ப் பியானோக்காரர் டிஸி சால் படித்ததும் அந்தப் பெர்க்லியில்தான். அதற்கு வழி செய்தவர் 1958-ல் இந்தியா வந்த டேவ் புரூபெக். அதே பயணத்தில் புரூபெக் சென்னையில் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டு வியந்தார்.

வியந்ததில் வியப்பில்லை. நம் வித்வான் கல்பனாஸ்வரம் பாடுவதுபோல, ஜாஸ் கலைஞரும் தெரிந்த மெட்டை எடுத்து அந்தந்த நேரத்தில் புதிதாக விரிக்கிறார். ஆனால் பட்டையின் ஸ்வரம் அசையாது, கமகம் வராது. ராகத்தின் குழைவை இதில் தேடக் கூடாது.

வீட்டிலேயே தொடக்கம்

புதுக்கருவியின் விலை லட்சக்கணக்கில். கடன் வாங்கி இறங்க வேண்டாம். முதல் ஆண்டுக்கு இவை போதும்:

ஹார்மோனியத்திலோ கீபோர்டிலோ ஸ்வர வரிசைகளைப் பாடமாக்குங்கள். மூங்கில் குச்சி முனையில் சிறு ரப்பர் பந்து பொருத்தி, கம்பளி நூல் சுற்றினால் பழகு குச்சி தயார். அட்டையில் இரண்டு வரிசைப் பட்டை வரைந்து கைகளை ஓட்டுங்கள்.

ரெயில் பயணத்தில் மில்ட் ஜாக்சனைக் கேளுங்கள். டெட்ராய்டில் சிறு வயதில் தேவாலயப் பாட்டுப் பாடி வளர்ந்தவர் அவர். மோட்டாரை மெதுவாகச் சுழலவிட்டு, மனிதக் குரல்போல் வாசித்தார். கேட்ட நான்கு வரியை முதலில் வாயால் பாடுங்கள். பிறகு குச்சியை எடுங்கள்.

லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளில் இவ்வகை வாத்தியத்துக்கும் இடம் உண்டு. இளையராஜா கிதார் தேர்வு எழுதியது அங்கேதான். நோக்கம் உள்ளவர்கள் ஸ்வரக் குறிப்பு வாசிக்கவும் இப்போதே கற்கலாம்.

பெங்களூரில் என்றாவது ஒரு மேடையிலோ ஸ்டூடியோவிலோ வைப்ரபோன் கண்ணில் படலாம். 'வாசிக்கத் தெரியுமா?' என்று யாராவது கேட்டால், பதில் சொல்லக் கை தயாராக இருக்கட்டும்.