நினைவகம் கசிவது ஏன்?



தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று அலுவலகங்களில் கணினி வேலை பார்க்கின்றனர். "சர்வர் மறுபடியும் நின்றுவிட்டது" என்று அவர்கள் அலுத்துக்கொண்டால், வீட்டிலுள்ள நமக்கும் அது என்னவென்று விளங்க வேண்டுமல்லவா?

சர்வர் என்பது அலுவலகத்தின் மற்றக் கணினிகளுக்கெல்லாம் கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் பொதுக் கணினி. அது வேலை செய்ய நினைவகம் வேண்டும். தோட்டத்து ஸ்டோரில் காலையில் மருந்தடிக்கும் பம்பு வாங்குகிறோம். வேலை முடிந்ததும் ஒப்படைக்கிறோம். கணினி நிரல்களும் அவ்வாறே நினைவகத்தை வாங்கித் திருப்பித் தர வேண்டும். வாங்கியதைத் திருப்பாமல் மேலும் மேலும் வாங்கினால், அதுவே நினைவகக் கசிவு.

இக்குற்றத்தைச் சில வேளைகளில் காவற்காரரே செய்துவிடுகிறார். வைரஸ் தடுப்பு நிரல் ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போது சோதனை செய்கிறது. அதற்காக அதன் ஒரு பகுதி, டிரைவர் என்ற பெயரில், கணினி இயக்க அமைப்பின் உள்ளேயே அமர்ந்திருக்கிறது. அதில் பிழை இருந்தால் என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சோதனைக்கு 200 பைட் திரும்பவில்லை. நாளொன்றுக்கு 1 லட்சம் சோதனைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 2 கோடி பைட் போய்விடும். 32 பிட் விண்டோஸ் சர்வர் 2003-இல் இதற்கான 'நான்பேஜ்டு பூல்' என்னும் பகுதியின் உச்ச அளவு 256 மெகாபைட்தான். இரண்டு வாரத்திற்குள் அது தீர்ந்துவிடும். அப்போது நிகழ்வுப் பதிவேட்டில் 2019 என்ற எண்ணுள்ள எச்சரிக்கை தோன்றும். இது ஆண்டன்று, எச்சரிக்கையின் எண். 64 பிட் சர்வர்களில் இடம் மிக அதிகம். ஆகவே கசிவு வெளியே தெரிய நாளாகும், நோய் ஒன்றுதான்.

சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்கினால் நினைவகம் திரும்பும். ஆனால் அது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுவது போன்றதே. கசிவு மறுநாளே தொடங்கும்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க மைக்ரோசாப்ட் தரும் 'பூல்மோன்' என்னும் கருவி உதவும். நினைவகம் வாங்கும் ஒவ்வொரு டிரைவரும் நான்கு எழுத்து அடையாளம் ஒன்றை இட்டே வாங்குகிறது. எந்த அடையாளத்தின் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று காலையிலும் மாலையிலும் குறித்து வர வேண்டும். வேலை குறைந்த நேரத்திலும் இறங்காமல், நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும் அடையாளத்தின் மேல்தான் சந்தேகம். டிரைவர் கோப்புகளில் அந்த நான்கு எழுத்தைத் தேடினால் உரியவர் பெரும்பாலும் அகப்படுவார்.

பிறகு செய்ய வேண்டியது, தயாரிப்பாளர் வெளியிட்ட திருத்திய பதிப்பைப் போடுவது. அதுவும் உதவாவிட்டால் நிரலை முழுவதும் நீக்கிச் சோதிக்கலாம். நிறுத்தி வைத்தால் மட்டும் போதாது, டிரைவர் உள்ளேயே இருக்கக்கூடும். சோதனை முடிந்ததும் வேறு காவலை உடனே அமர்த்த வேண்டும். காவற்காரர் தவறு செய்தார் என்பதற்காக வீட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறோமா?

கண்ணால் கண்டு, எழுதி வைத்து, ஒப்பிட்ட பின்பே குற்றம் சாட்ட வேண்டும். கணினிக்கும் அதுவே முறை.