இரண்டே பொடி, இத்தனை நிறம்

பூனையின் தோலை ஒரு சமையலறையாக வைத்துக்கொள்ளுங்கள். அலமாரியில் இருப்பவை இரண்டே பொடிகள், ஒன்று கருப்பு, மற்றது சிவப்பு. அறிவியலில் அவற்றின் பெயர் யூமெலனின், ஃபியோமெலனின். பாரசீகப் பூனையின் கிரீம், பிரிட்டிஷ் ஷார்ட்ஹேரின் சாம்பல், சயாமியப் பூனையின் கரிய முகம், அபிசீனியப் பூனையின் செம்பழுப்பு எல்லாமே இந்த இரண்டையும் வைத்துச் செய்தவைதான். மூன்றாவது பொடி கிடையாது. மெலனோசைட் என்னும் செல்கள்தான் சமையற்காரர்கள். வளர்கிற ஒவ்வொரு முடிக்கும் அடியில் நின்று அவர்கள் பொடி போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

வம்சாவளிக் குட்டி பிறந்ததும் அதன் நிறத்தைப் பதிவுத்தாளில் எழுதிவிட எல்லோருக்கும் ஆசைதான். கொஞ்சம் பொறுக்க வேண்டும். பிறந்த குட்டியின் ரோமம் பல விதங்களில் ஏமாற்றும். அதை உற்று உற்றுப் பார்ப்பதைவிட, சமையலறையில் என்ன நடந்திருக்கும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

முதல் கேள்வி, எந்தப் பொடி? அதற்கான குறிப்பு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், குட்டி ஆணா பெண்ணா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். ஆண் குட்டிக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் தாய் தந்தது. ஆகவே மகன் கருப்பு வகையா சிவப்பு வகையா என்பதில் தகப்பனுக்குப் பேச்சே இல்லை. தாய் சிவப்பு என்றால் மகன்கள் எல்லோரும் சிவப்பு, அல்லது அதன் வெளிறிய வடிவமான கிரீம்.

பெண் குட்டிக்கு எக்ஸ் இரண்டு, ஆகவே குறிப்புத் தாளும் இரண்டு. கரு வளரத் தொடங்கியதுமே ஒவ்வொரு செல்லும் ஏதாவது ஒரு தாளை மடித்து மூடிவிடுகிறது. அதன் வழிவந்த செல்களும் அதே தாளை மூடியே வைத்திருக்கும். எலிகளின் நிறத்தைக் கவனித்து இந்த விளக்கத்தை 1961இல் முன்வைத்தவர் மேரி லயன். ஒரு தாளில் கருப்பும் இன்னொன்றில் சிவப்பும் இருந்தால், உடம்பின் ஒரு பகுதியில் கருப்புப் பொடி விழும், பக்கத்திலேயே சிவப்பு விழும். வளர்ப்பவர்கள் டார்ட்டி என்று சொல்லும் பெண் பூனை இப்படித்தான் உண்டாகிறது. டார்ட்டி ஆண் மிக அபூர்வம். பெரும்பாலும் அதற்கு ஓர் எக்ஸ் கூடுதலாக இருக்கும், இனப்பெருக்கத் திறன் இருக்காது.

இதற்கு அழகான சாட்சி 2001 டிசம்பர் 22 அன்று டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் பிறந்த சிசி, உலகின் முதல் குளோனிங் பூனை. அதன் மூலமான ரெயின்போ ஒரு மூவண்ணப் பூனை. சிசியிடமோ சிவப்பு என்பது துளியும் இல்லை. ரெயின்போவிடமிருந்து எடுத்த அந்த ஒற்றைச் செல் சிவப்புத் தாளை ஏற்கெனவே மூடிவிட்டிருந்தது. மரபணு அத்தனையும் ஒன்றாக இருந்தும் நிறம் வேறாகிப்போனது.

சிவப்புக்குக் காரணமான மாற்றம் எது என்பது நெடுங்காலம் பிடிபடவில்லை. 2025இல் ஸ்டான்போர்டு குழுவும் ஜப்பானின் கியூஷு குழுவும் தனித்தனியாக ஒரே விடையை வெளியிட்டன. எக்ஸ் குரோமோசோமில் ஆர்ஹ்கேப்36 என்ற மரபணுவில் சுமார் 5,000 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. நிறச் செல்லில் சும்மா இருக்க வேண்டிய அந்த மரபணு இதனால் விழித்துக்கொண்டு, கருப்புப் பொடி தயாரிப்பதை நிறுத்திச் சிவப்புக்குத் திருப்பிவிடுகிறது.

அடுத்தது வறுப்பு. கருப்புப் பொடிக்கு உண்டான சரக்கை முழுப் பதத்துக்கு வறுத்தால் கருப்பு. கொஞ்சம் முன்பே இறக்கினால் சாக்லேட், அதற்கும் முன்பே இறக்கினால் சினமன். இந்தப் பதத்தைப் பார்த்துக்கொள்ளும் மரபணு டிஒய்ஆர்பி1. சிவப்புப் பொடிக்கு இது பொருந்தாது.

சாம்பல் நிறம் வரும் விதம்தான் எனக்கு ஆகப் பிடித்தது. பொடியைக் குறைத்துப் போட்டிருப்பார்கள் என்று தோன்றும். அப்படி இல்லை. வெள்ளைச் சோற்றில் பொடியை ஒரே சீராகப் பிசைந்தால் சோறு முழுக்கக் கறுக்கும். அதே பொடி கட்டி கட்டியாக நின்றுவிட்டால் இடையிடையே வெள்ளை தெரியும், எட்ட நின்று பார்க்கிற கண்ணுக்குச் சாம்பலாகப்படும். எம்எல்பிஎச் என்ற மரபணு பழுதானால் முடிக்குள் நடப்பது இதுவே. கருப்பு புளூவாகிறது, சாக்லேட் லைலாக் ஆகிறது, சினமன் ஃபானாகிறது, சிவப்பு கிரீமாகிறது. தாய், தகப்பன் இருவர் தாளிலும் இந்தப் பழுது இருந்தால் மட்டுமே குட்டியில் வெளிப்படும். இரண்டு கருப்புப் பாரசீகங்களுக்குப் புளூ குட்டி பிறந்தால் கலங்க வேண்டாம். இரண்டுமே ஒரு பழுதுத் தாளை மறைத்து வைத்திருந்தன, அவ்வளவுதான். ஒவ்வொரு குட்டிக்கும் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று.

வரிதான் வளர்ப்பவர்களை அதிகம் குழப்புவது. அகூட்டி என்ற மரபணு வேலை செய்தால், முடி வளர வளரச் சமையற்காரர் கருப்பு, சிவப்பு என்று மாற்றி மாற்றிப் போடுவார். ஒற்றை முடியிலேயே பட்டைகள் விழும், உடம்பில் வரிக்கோலம் துலங்கும். வேலை செய்யாவிட்டால் வேர் முதல் நுனி வரை கருப்பே. ஆனால் ஒரே நிறமாக வளரப்போகும் புளூ குட்டியிடம்கூடச் சில மாதங்களுக்கு மங்கலான வரிகள் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வரிப்பூனை என்று எழுதிவிடக் கூடாது. கண்ணைச் சுற்றிலும் மோவாயிலும் வெளிறியிருக்கிறதா, மூக்குக்குக் கருங்கோடு இட்டாற்போல விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அவை உண்மையான வரிப்பூனையின் அடையாளங்கள். சிவப்புக் குட்டியிடம் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. அகூட்டி இல்லாவிட்டாலும் சிவப்பில் வரி தெரியத்தான் செய்யும்.

சயாமியப் பூனையின் சமையற்காரர் வெக்கை தாங்காதவர். டைரோசினேஸ் என்ற நொதிதான் பொடியைத் தயாரிக்கிறது. இந்த இனத்தில் அது உடம்புச் சூட்டில் செயலிழந்து, குளிர்ந்த இடத்தில் மட்டும் வேலை செய்கிறது. கருப்பை கதகதப்பானது என்பதால் குட்டிகள் பிறக்கும்போது ஏறக்குறைய வெள்ளை. பிறகு குளிர்ச்சியான காது, மூக்கு, பாதம், வால் என்று நிறம் ஏறும். நிறம் ஏறும் இந்த இடங்களுக்குப் பாயிண்ட் என்று பெயர். கருப்பு வகையான சீல் பாயிண்டா, சாக்லேட் பாயிண்டா என்று சந்தேகம் வந்தால் பாதத்தின் அடியைப் பாருங்கள். சீல் என்றால் கரும்பழுப்பு, சாக்லேட் என்றால் இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. வயது ஏற ஏற உடம்பும் கறுத்துக்கொண்டே போகும்.

வெள்ளை ஒரு நிறமே அல்ல, சமையற்காரர் வந்து சேராததன் அடையாளம். கருவில் நிறச் செல்கள் முதுகுப் பக்கம் உருவாகி அங்கிருந்து கீழ்நோக்கி நகர்கின்றன. கிட் மரபணுவின் மாற்றம் அந்தப் பயணத்தைத் தடுத்தால், தூரத்தில் இருக்கும் பாதமும் வயிறும் வெள்ளையாக நின்றுவிடுகின்றன. தடை முழுமையானால் பூனையே வெண்மை. அதன் அடியில் எந்த நிறம் ஒளிந்திருக்கிறது என்பதற்குச் சில குட்டிகளின் உச்சந்தலையில் ஒரு கறை துப்புக் கொடுக்கும். வளர்ந்தால் அதுவும் மறைந்துவிடும் என்பதால் பிறந்ததுமே படம் எடுத்து வைத்துவிட வேண்டும். வெள்ளைப் பூனைகளில் காது கேளாமை அதிகம் என்பதால் அதையும் சோதிப்பது அவசியம்.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் இருந்தால், கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சியால் தடவி மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மரபணு ஆய்வகம் போன்றவை இதைச் செய்கின்றன. பல சமயம் பெற்றோரின் நிறமே போதும். இரண்டு புளூ பூனைகளிடம் நல்ல எம்எல்பிஎச் தாள் ஒன்றுகூட இல்லை, ஆகவே அவற்றுக்குக் கருப்புக் குட்டி பிறக்காது. பிறந்திருந்தால் அந்த ஈற்றில் வேறொரு கடுவனுக்கும் பங்கு உண்டு. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு இரண்டு தகப்பன்கள் இருப்பது பூனைகளில் நடக்கக்கூடியதுதான். அப்போது மற்றக் குட்டிகளின் பதிவுத்தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து பார்க்க வேண்டும்.