கம்பி தொய்ந்த கைகாட்டி

எங்கள் நடைக்குழுவில் ஆறு பேர். நால்வருக்குச் சர்க்கரை நோய். ஒருவர் ஒரு நாள் கேட்டார்: "இரத்தத்தில் இன்சுலின் போதிய அளவு இருக்கிறதாம். பின் ஏன் சார் சர்க்கரை இறங்கவில்லை?"

நியாயமான கேள்வி. விடை, உயிரணுவின் மேற்பரப்பில் உள்ள 'ஏற்பி' என்னும் புரதத்திலிருந்து தொடங்குகிறது.

பழைய நிலையங்களில் கேபினில் லீவரை இழுத்தால், கம்பி இழுபட்டுத் தொலைவில் கைகாட்டி இறங்கும். லீவர்மேன் அங்கே ஓட வேண்டியதில்லை. அதுபோல இன்சுலினும் செய்தி சொல்ல உயிரணுவுக்குள் போக வேண்டியதில்லை.

இன்சுலின் ஏற்பிக்கு நான்கு துண்டுகள். ஆல்பா இரண்டும் வெளியே. பீட்டா இரண்டும் சவ்வைத் துளைத்து உள்ளே நீள்கின்றன. கந்தகப் பிணைப்புகள் அவற்றை இணைக்கின்றன. இன்சுலின் வெளியே அமர்ந்ததும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. பீட்டாவின் உள்முனைகள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அங்கிருந்து செய்தி கைமாறிப் போய், 'குளூட்-4' என்னும் சுமைதூக்கிப் புரதங்கள் மேற்பரப்புக்கு வருகின்றன. தசைக்குள் சர்க்கரை நுழைகிறது.

அட்ரினலினுக்கு வேறு வகை ஏற்பி. அது சவ்வை ஏழு முறை ஊடுருவும். இரத்த அழுத்தத்திற்குத் தரும் புரோப்ரனலால் அந்த இருக்கையில் முன்பே அமர்ந்து அட்ரினலினைத் தடுக்கிறது. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். இத்தகைய புரதங்களின் வடிவத்தைக் கண்டறிந்தால், அது சரிதானா என்று பார்க்க இன்றும் உதவுவது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன் குழுவினர் 1963-இல் வெளியிட்ட வரைபடமே. நமக்குப் பெருமை.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். சித்தூர் வெயிலில் சிக்னல் கம்பி நீண்டு தொய்ந்துவிடும். லீவரை இழுத்தாலும் கைகாட்டி முழுதாக இறங்காது. இரண்டாம் வகை நீரிழிவிலும் பெரும்பாலும் இதுதான் கதை. ஏற்பியில் இன்சுலின் அமர்கிறது; உள்ளே செய்தி தளர்ந்துவிடுகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரந்து, நாளடைவில் களைத்துப்போகிறது.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. தசை உழைக்கும்போது, இன்சுலின் வழியன்றி வேறு வழியிலும் குளூட்-4 மேலே வருகிறது. அலிபிரிப் படிகளில் ஏறுபவரின் கால் தசை சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. தொடர்ந்து நடந்தால் தொய்ந்த கம்பியும் ஓரளவு இறுகும்.

"அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்றார் நண்பர். கூடவே கூடாது! அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் நீண்ட தூரம் நடந்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். பையில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். நடையும் வேண்டும், மருந்தும் வேண்டும் அன்பர்களே. இரண்டு தண்டவாளமும் இருந்தால்தானே வண்டி ஓடும்?