நடை தடுமாறி, நினைவும் தவறினால்

புனேயில் விஷ்ராந்த்வாடி, தானோரி, களஸ் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. கட்கி தொழிற்சாலைகளிலும் ராணுவத்திலும் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் இங்கேயே தங்கிவிட்டவர்கள் சிலர். பிள்ளைகளின் ஐடி வேலையை ஒட்டி ஊரிலிருந்து வந்த பெற்றோர் சிலர். அந்த வீடுகளில் எழுபது வயதுக்காரர் ஒருவர் சட்டைப் பித்தானைப் போடத் திணறுகிறார், படியில் சுவரைப் பிடித்து இறங்குகிறார், பேரன் பெயர் நாக்கில் வராமல் தவிக்கிறார் என்றால், பெரும்பாலும் கிடைப்பது ஒரு சத்து மாத்திரையும் “வயசாயிடுச்சு, அப்படித்தான்” என்ற ஆறுதலும்தான். அந்த ஆறுதலோடு வீடு திரும்பாதீர்கள். தடுமாற்றமும் மறதியும் சேர்ந்து வந்தால் அதற்குக் காரணம் உண்டு. சில காரணங்களைச் சரிசெய்ய முடியும். ஆனால் நாள் கடந்தால் அதுவும் கைநழுவிப் போகும்.

எப்போது ஆரம்பித்தது என்பதுதான் முதல் கேள்வி. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று வாய் கோணி ஒரு பக்கம் சாய்ந்தால் பக்கவாதமாக இருக்கலாம். ரத்த உறைவைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், உடனே 108ஐ அழையுங்கள். இரண்டு மூன்று நாளில் குழம்பிப்போய், பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் கத்தினால் சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, சர்க்கரை இறக்கம் என்று தேட வேண்டும். சில வாரங்களாக மோசமாகி வருகிறதென்றால், போன மாதம் குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்தாரா என்று யோசித்துப் பாருங்கள். மூளை உறைக்கு அடியில் ரத்தம் மெல்லக் கசிந்து சேரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சிடி ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும். மண்டையில் சிறு துளையிட்டு அதை வடித்தபின் எழுந்து நடமாடியவர்கள் பலர்.

மருத்துவரிடம் போகும்போது சீட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேஜையில் கொட்டுங்கள். தலைசுற்றலுக்கு எப்போதோ எழுதித் தந்த சின்னாரிசின், வாயுத் தொல்லைக்கு என்று பேன்டோபிரசோலுடன் கலந்து வரும் லெவோசல்பிரைடு: இவற்றில் எதை மாதக்கணக்கில் விழுங்கினாலும் கை நடுக்கம், உடல் இறுக்கம், குறுகிய அடி என்று பார்க்கின்சன் நோய் போலவே தோன்றலாம். அதைப் பார்க்கின்சன் என்றே முடிவுகட்டி இன்னொரு மாத்திரையும் சேர்ந்துவிடும் கொடுமை நடக்கிறது. தூக்கத்துக்கான அல்பிரசோலம், குளோனசெபம் நடையையும் நினைவையும் சேர்த்துக் கெடுக்கும். அமிட்ரிப்டிலினும், சளி மருந்துகளில் இருக்கும் குளோர்பெனிரமினும் முதியவர்களின் மூளையை மந்தமாக்கும். வலிப்புக்கான பெனிடாயின் அளவு மீறினால் குடித்தவர் போலத் தள்ளாட வைக்கும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம்.

புனே வாசிகள் தனியாகக் கவனிக்க வேண்டியது வைட்டமின் பி12. இந்த ஊர் கே.இ.எம். மருத்துவமனையின் மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக்கும் குழுவினரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கிராமம், குடிசைப்பகுதி, நகர நடுத்தர வர்க்கம் என மூன்று தரப்பிலிருந்தும் எடுத்த ஆண்களில் 67 சதவீதம் பேருக்கு பி12 குறைவு. நடுத்தர வர்க்கத்தில் அது 81 சதவீதம். சைவச் சாப்பாடு ஒரு முக்கியக் காரணம். நீண்டகாலம் மெட்பார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்கும், அமிலம் குறைக்கும் மாத்திரையை விடாதவருக்கும் இது வரும். அறிகுறியை வீட்டிலேயே காணலாம்: கண்ணை மூடி முகம் கழுவும்போது ஆடிப்போவார், இருட்டில் நடக்கப் பயப்படுவார், செருப்பு காலிலிருந்து நழுவியதே தெரியாமல் நாலடி நடந்துவிடுவார். பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புப் பாதை பழுதாவதுதான் காரணம். ஆரம்பத்திலேயே ஊசி போட்டால் மீளலாம். ரத்தசோகை இல்லை என்பதால் பி12 குறைவு இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. போலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தம் சரியாகித் தெரியும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

இன்னொன்று, மூளை நீர் தேங்கும் நோய். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நடை, சிறுநீரை அடக்க முடியாமை, மறதி மூன்றும் கூடிவரும். கொலம்பியாவின் சாலமோன் ஹக்கீம் 1965இல் இதை விவரித்தார். முதுகில் ஊசி வழியே 30 முதல் 50 மில்லி நீரை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் நடக்கவைத்துப் பார்ப்பார்கள். நடை தேறினால் நீரை வடிக்கும் குழாய் பொருத்துவதில் பயன் இருக்கும்.

ஆகவே பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகளும் தலைக்கு ஒரு ஸ்கேனும் முடியாமல் “டிமென்ஷியா” என்று எழுதினால், ஏன் இவற்றைப் பார்க்கவில்லை என்று கேளுங்கள். டிமென்ஷியாதான் என்று உறுதியானாலும் வகை தெரிவது முக்கியம். லூயி பாடி என்ற வகையில் ஹாலோபெரிடால் கொடுத்தால் நிலைமை விபரீதமாகிவிடக்கூடும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு நடு வயதிலேயே தள்ளாட்டம் வந்திருந்தால் பரம்பரை நோயா என மரபணுப் பரிசோதனை கேளுங்கள். எஸ்சிஏ1 என்ற வகை தமிழர்களிடையே பதிவாகியிருக்கிறது.

மொழிச் சிக்கலைப் பலர் யோசிப்பதே இல்லை. மராத்தியோ இந்தியோ சரியாக வராத பாட்டியிடம் இந்தியில் கேள்வி கேட்டு, நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்லி, மதிப்பெண் குறைந்தது என்று நோயாளியாக்குவது அநியாயம். பள்ளிக்கூடம் போகாதவருக்கும் அதே கதிதான். நினைவுச் சோதனைகளுக்குத் தமிழ் வடிவங்கள் இருக்கின்றன. தமிழில் நடத்தும்படி கேளுங்கள், எத்தனை வகுப்பு படித்தார் என்பதைக் குறிக்கச் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நோய் பற்றியும் சிகிச்சை பற்றியும் புரியும் மொழியில் அறியும் உரிமையைத் தந்திருக்கிறது.

செலவுக்கு வருவோம். சசூன் அரசு மருத்துவமனை இருக்கிறது. அறக்கட்டளை நடத்தும் பெரிய தனியார் மருத்துவமனைகளும், மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவின்படி 10 சதவீதப் படுக்கையை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்தோருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கியாக வேண்டும். வருமானச் சான்றோடு கேளுங்கள். மறுத்தால் அறக்கட்டளை ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். 70 வயதைத் தொட்ட எவரும், வருமானம் எதுவானாலும், 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்குத் தகுதியானவர். உள்நோயாளி சிகிச்சைக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். முன்னாள் ராணுவத்தினருக்கான இசிஹெச்எஸ் மருத்துவத் திட்டத்தில் இருப்பவர்கள், அது, இந்த அட்டை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை விதி. இரண்டாவது கருத்துக்கு அவை கட்டாயம் தேவை.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016இன் பட்டியலில் பார்க்கின்சன் தனியாகவே இருக்கிறது. டிமென்ஷியா பெயரால் இல்லை. ஆனால் மனநோய், நாட்பட்ட நரம்பியல் நோய் ஆகிய வகைகள் இருக்கின்றன. பாதிப்பு 40 சதவீதம் இருந்தால் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வழியே சலுகைகள் கேட்கலாம்.

பணம், சொத்து விஷயத்தில் தள்ளிப்போடுவதுதான் பெரிய ஆபத்து. “அப்பா பவர் எழுதிக் கொடுத்திருக்கார், பிரச்சினை இல்லை” என்று பல பிள்ளைகள் நம்பியிருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி அந்தப் பவர் பொதுவாகச் செல்லாது. பிறகு பாதுகாவலர் நியமனத்துக்கு நீதிமன்றம்தான் போக வேண்டும். ஆகவே நினைவு தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவது, உயில் எழுதுவது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி முன்கூட்டிய மனநலச் சிகிச்சை விருப்பத்தைப் பதிவது என எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் வீட்டை எழுதி வாங்கியபின் கைவிட்டால், 2007 மூத்தோர் நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்துசெய்யக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் வழக்கு வலுவாக நிற்கும். வழிகாட்டுதலுக்கு எல்டர்லைன் 14567, இலவச சட்ட உதவிக்கு 15100. பார்த்துப் பார்த்துச் சோர்ந்துபோகும் மனைவியும் மருமகளும் மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416ஐ அழைக்கலாம். தமிழில் பேசவும் வழி உண்டு.