நூல்நிலையத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு

ஒரு நகரத்து ஜனங்கள் தங்கள் வரிப்பணத்தைக் கொண்டு ஒரு நூல்நிலையத்தை ஏற்படுத்தி, அதற்கென்று கட்டடம் எழுப்பி, பல்லாயிரம் புத்தகங்களை அலமாரிகளில் நிரப்பிவிட்ட பிறகும், அந்த ஸ்தாபனம் ஜீவனோடு இயங்குமா, வெறும் புத்தகக் கிடங்காகத் தூங்குமா என்பது, அதன் நிர்வாக சபையார் எப்போதோ ஒரு நாள் கூடிச் செய்கிற ஒரு தீர்மானத்தையே பெரிதும் பொறுத்திருக்கிறது. நிலையத்தின் தலைமைப் பதவிக்கு யாரை நியமிப்பது என்பதே அந்தத் தீர்மானம். சட்டசபைத் தேர்தலைப் பற்றி மாதக்கணக்கில் விவாதிக்கும் நாம் இந்த நியமனத்தைப் பற்றிக் கேள்விப்படுவதுகூட அபூர்வம். ஆனால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு வாலிபனுக்குத் தான் தேடிய புத்தகம் கைக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இதனால் நிச்சயமாகிவிடுகிறது.

அமெரிக்காவில் பெரும்பாலான பொது நூல்நிலையங்கள் தர்மகர்த்தா சபைகளின் ஆதீனத்தில் இருக்கின்றன. சம்பளம் பெறாத பிரமுகர்கள் அங்கம் வகிக்கும் இச்சபைகளைச் சில ஊர்களில் மேயர் நியமிக்கிறார். சில ஊர்களில் ஜனங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் ஓய்வு பெற்றாலோ விலகினாலோ சபையார் தற்காலிகமாக ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, ஒரு தேர்வுக் குழுவை அமைத்து, பதவிக்கு வேண்டிய யோக்கியதைகளையும் சம்பளத்தையும் விளம்பரப்படுத்தி, வந்த விண்ணப்பங்களைச் சலித்து, கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்று அபேட்சகர்களை நேரில் அழைத்துப் பேசுவார்கள். பல இடங்களில் அந்த அபேட்சகர்கள் சிப்பந்திகள் முன்னிலையிலும் வாசகர்கள் முன்னிலையிலும் நின்று கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டியிருக்கும். இந்த ஏற்பாடுகளெல்லாம் அவசியமானவையே. எனினும் விளம்பரம் எழுதுவதற்கு முன்பாகச் சபையார் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி உண்டு. அடுத்த பத்தாண்டுகளில் இந்த நிலையத்துக்கு என்ன தேவை என்பதே அது. அதற்கு விடை காணாமல் அபேட்சகர்களின் பட்டங்களை எண்ணிப் பார்ப்பதில் பயனில்லை.

நல்ல மனிதரைத் தேர்ந்தெடுத்தும் தோற்றுப்போன சபைகள் உண்டு. அவற்றுள் முதலில் சொல்லத்தக்கது மான்செஸ்டர். 1850-இல் பார்லிமெண்ட் அங்கத்தினர் வில்லியம் எவார்ட்டின் முயற்சியால் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் பொது நூல்நிலையச் சட்டம் நிறைவேறியபோது, நகர சபைகள் பவுனுக்கு அரைப் பென்னி வரி விதித்துக் கட்டடத்துக்கும் சிப்பந்திகளுக்கும் செலவிடலாம் என்று அனுமதி கிடைத்ததேயொழிய, அந்தப் பணத்தில் புத்தகம் வாங்க அனுமதி கிடைக்கவில்லை. அதற்கு 1855-ஆம் வருஷத்துச் சட்டம் வரவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட அரைகுறைச் சட்டத்தையும் மான்செஸ்டர் ஜனங்கள் ஆவலோடு வரவேற்று, 3,962 பேர் ஆதரவாகவும் 40 பேர் மட்டுமே எதிராகவும் வாக்களித்தார்கள். முதல் நூலகராக அவர்கள் கண்டெடுத்தவர் எட்வர்ட் எட்வர்ட்ஸ்.

லண்டனில் கொத்து வேலை செய்தவரின் மகன் அவர். சர்வகலாசாலை வாசலை மிதிக்காமல், பிரிட்டிஷ் மியூசியத்து வாசகசாலையில் உட்கார்ந்து தாமே படித்துத் தேறியவர். பிறகு அதே மியூசியத்தில் பனீட்ஸி என்பவரின் கீழ் அட்டவணை தயாரிக்கும் வேலையில் சேர்ந்தவர். ஐரோப்பாவின் நூல்நிலையங்களைப் பற்றி அவர் திரட்டிய புள்ளிவிவரங்களும், 1849-இல் எவார்ட்டின் விசாரணைக் கமிட்டி முன்பு அவர் அளித்த சாட்சியமும் இல்லாவிட்டால் அந்தச் சட்டமே பிறந்திருக்குமா என்பது சந்தேகம். வருஷத்துக்கு 200 பவுன் சம்பளத்தில் மான்செஸ்டர் அவரை அமர்த்திக்கொண்டது. 1852 செப்டம்பர் 2-ஆம் தேதி நடந்த திறப்பு விழாவுக்கு டிக்கன்ஸும் தாக்கரேயும் வந்திருந்தார்கள். அன்று எட்வர்ட்ஸுக்கு நாற்பது வயது நிரம்பவில்லை. எந்த லட்சியத்துக்காகப் பேனாவால் போராடினாரோ அந்த லட்சியம் கல்லும் சுண்ணாம்புமாக அவர் கண்முன் எழுந்து நின்றது. அதை நடத்தும் பொறுப்பும் அவரிடமே வந்து சேர்ந்தது.

அது நெடுங்காலம் நீடிக்கவில்லை. நிலையத்தை நடத்துவது தமது கடமை என்று அவர் எண்ணினார். தங்கள் உத்தரவுகளை நிறைவேற்றுவதே அவர் கடமை என்று கமிட்டியார் எண்ணினார்கள். சம்பளத்தைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் மூண்ட பூசல் முற்றி, 1858-இல் அவர் வெளியேற்றப்பட்டார். அவர் வளைந்துகொடுக்கும் சுபாவமுடையவர் அல்லர் என்பது உண்மை. கோபக்காரர் என்றும் சொல்லலாம். ஆனாலும் நூல்நிலைய விஷயத்தில் அவரைவிட அதிகம் அறிந்தவர் இங்கிலாந்தில் ஒருவர்கூட இல்லாத நிலையில், அவரை வைத்து வேலை வாங்கத் தெரியாமற்போனது கமிட்டியின் குறை என்றே நான் கருதுகிறேன். நூல்நிலையங்களின் சரித்திரத்தை இரு பெரும் பாகங்களாக எழுதி அடுத்த வருஷமே வெளியிட்ட அந்த மனிதர், பிற்காலத்தில் வறுமையில் உழன்று, 1886-இல் வைட் தீவில் நைட்டன் என்ற சிற்றூரில் காலமானார்.

அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் பாஸ்டன் நகரத்தில் நடந்தது வேறு விதம். அமெரிக்காவில் பொது ஜனங்களுக்காகப் பெரிய நகரமொன்று நடத்திய நூல்நிலையங்களில் முன்னோடியான பாஸ்டன் பொது நூல்நிலையம் 1854-இல் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் தன் கதவுகளைத் திறந்தது. 1858 முதல் அதன் அத்தியட்சகராக இருந்த சார்ல்ஸ் காஃபின் ஜூவெட், 1868 ஜனவரியில் திடீரென்று இறந்துபோனார். அவருக்கு அடுத்த ஸ்தானத்தில் இருந்தவரோ நோயாளி. அந்த நெருக்கடியில் தர்மகர்த்தா சபை தன் அங்கத்தினர்களுள் ஒருவரான ஜஸ்டின் வின்ஸரிடம், சிறிது காலம் பார்த்துக்கொள்ளும்படி பொறுப்பை ஒப்படைத்தது. அவர் சரித்திர ஆராய்ச்சியில் ஈடுபட்ட எழுத்தாளர். எந்த நூல்நிலையத்திலும் உத்தியோகம் பார்த்தவர் அல்லர். ஆயினும் முந்திய வருஷம் நிலையத்தைப் பரிசோதித்து அறிக்கை தயாரித்த குழுவில் முக்கிய பங்கு வகித்ததால், எந்தப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள், எது தூசி படிந்து கிடக்கிறது என்பதையெல்லாம் நுணுகிப் பார்த்திருந்தார்.

தற்காலிகமாக வந்தவர் ஒன்பது வருஷங்கள் தங்கினார். நகரத்தின் நடுவிலிருந்த ஒரே கட்டடத்துக்கு ஜனங்கள் வர வேண்டுமென்று காத்திராமல், தொழிலாளர் வசிக்கும் பகுதிகளுக்கு நூல்நிலையத்தையே கொண்டுபோனது அவருடைய பெரிய சாதனை. கிழக்கு பாஸ்டனில் தொடங்கிய கிளை அமெரிக்காவிலேயே முதலாவது நகரக் கிளை நிலையமாகும். வாரம் முழுவதும் உழைப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஓய்வு நாள் என்பதை உணர்ந்து, மதப் பற்றுடையோரின் ஆட்சேபத்தையும் மீறி, 1873 முதல் வாசகசாலை ஞாயிறுகளிலும் திறந்து வைக்கப்பட்டது. 1876-இல் அமெரிக்க நூல்நிலையச் சங்கம் பிறந்தபோது அதன் முதல் தலைவராக வின்ஸரே தேர்ந்தெடுக்கப்பட்டார். இப்படிப்பட்டவரின் சம்பளத்தில் நகர சபையார் கைவைக்க முற்பட்டதன் விளைவு, 1877-இல் ஹார்வர்ட் சர்வகலாசாலை அவரை அழைத்துக்கொண்டது. அந்த இழப்பு பாஸ்டனுக்கு ஒரு பாடமாயிற்று. மறு வருஷமே மாஸசூஸட்ஸ் சட்டசபை தர்மகர்த்தா சபையைத் தனி ஸ்தாபனமாக்கி, சிப்பந்திகளை நியமிப்பதும் சம்பளத்தை நிர்ணயிப்பதும் அந்தச் சபையின் அதிகாரம் என்று வகுத்தது. நியமிக்கும் அதிகாரம் ஓரிடத்திலும் பணம் வேறிடத்திலும் இருந்தால் எத்தகைய நல்ல நியமனமும் நிலைக்காது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது.

நியூயார்க்கின் தர்மகர்த்தாக்கள் இரண்டு தடவை துணிச்சலான காரியம் செய்தார்கள். ஆஸ்டர், லெனாக்ஸ் என்ற நூல்நிலையங்களும் டில்டன் என்பவர் விட்டுச்சென்ற நிதியும் 1895-இல் ஒன்றாக இணைந்தபோது, முதல் டைரக்டராக அவர்கள் வரவழைத்தது ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற ராணுவ வைத்தியரை. மருத்துவ நூல்களுக்கென்று வாஷிங்டனில் மாபெரும் நிலையத்தை வளர்த்து, அதற்கு ஈடிணையற்ற அட்டவணையும் தயாரித்தவர் அவர். சிதறிக்கிடந்தவற்றை ஒன்று சேர்ப்பவர் அன்றைய தேவை. அதற்கு அவர் தகுந்தவர். 1901-இல் கிளைகளுக்காக ஆண்ட்ரூ கார்னகி 52 லட்சம் டாலர் அளித்ததும் அவர் காலத்தில்தான். 1981-இல் நிலைமை வேறாக இருந்தது. நிதி வறண்டு, திறந்திருக்கும் நேரம் குறைந்து, ஐந்தாவது அவென்யூவின் மாளிகை பராமரிப்பின்றிக் கிடந்தது. அப்போது சபையார் தேர்ந்தெடுத்த வார்ட்டன் கிரிகோரியன், ஈரானின் தப்ரீஸ் நகரில் பிறந்த ஆர்மீனியர், சரித்திரப் பேராசிரியர். அவர் எட்டு ஆண்டுகள் செல்வர்களின் வீடுகளையும் நகர சபையின் வாசலையும் விடாது ஏறி இறங்கி, கோடிக்கணக்கான டாலர் திரட்டி, அந்த மாளிகைக்குப் பழைய பொலிவைத் திரும்பக் கொடுத்தார். நகரத்தாருக்கு நூல்நிலையத்தின்மீது மறுபடியும் அபிமானம் உண்டாகும்படி செய்தவரும் அவரே.

நூலகத் தொழிலில் பயின்றவர்தான் தலைவராக வேண்டுமா, வெளியிலிருந்து ஒரு மேதையைக் கொண்டுவரலாமா என்ற விவாதம் இதனால் எழுகிறது. 1939-இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கவிஞர் ஆர்ச்சிபால்ட் மக்லீஷைக் காங்கிரஸ் நூல்நிலையத்துக்குத் தலைவராக்க முற்பட்டபோது, அமெரிக்க நூல்நிலையச் சங்கம் பகிரங்கமாக எதிர்த்தது. அவரோ ஐந்தே வருஷங்களில் அந்நிலையத்தின் நிர்வாகத்தை அடியோடு திருத்தியமைத்தார். இதைக் கண்டு பயிற்சியே வேண்டாம் என்று முடிவு கட்டுவது தவறு. வெளியிலிருந்து வந்து வெற்றி பெற்றவர்கள் அனைவரும் ஒன்று, தாமே மாணவராகித் தொழிலைக் கற்றவர்கள். அல்லது தமக்குக் கீழிருந்த பயிற்சி பெற்றவர்களின் சொல்லைக் கேட்டு நடந்தவர்கள்.

மாணவரானவர்களுள் தலைசிறந்தவர் நம்மவர். சென்னைச் சர்வகலாசாலை நூலகர் பதவியைச் சிருஷ்டித்து விண்ணப்பங்கள் கோரியபோது ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் முறையான நூலகப் பயிற்சி பெற்றவர் எவரும் இல்லை. தேர்வு பெற்றது சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், பிரஸிடென்ஸி கல்லூரியின் கணித ஆசிரியர். 1924 ஜனவரியில் பதவியேற்ற அவர், அந்தப் பதவியின் தனிமை சகியாமல் கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பினார். சர்வகலாசாலையார் அவரை விட்டுவிடாமல் லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே பயின்றும், நூற்றுக்கு மேற்பட்ட நூல்நிலையங்களைச் சுற்றிப் பார்த்தும் திரும்பியவர், 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும் 1933-இல் புத்தகங்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையையும் உலகத்துக்கு அளித்தார். தேர்ந்தெடுத்தவரைக் கைவிடாமல் வளர்த்தெடுத்த சபைக்கு இதைவிடச் சிறந்த உதாரணத்தை நான் அறியேன்.

அவருடைய முயற்சியின் பலனாக 1948-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூல்நிலையச் சட்டம், மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழுவையும், சொத்து வரியோடு சேர்ந்த நூலக வரியையும் தந்தது. ஆனால் பொது நூலக இயக்குநரை நியமிக்கும் அதிகாரத்தை அரசாங்கத்திடமே வைத்தது. ஆகவே பாஸ்டனில் நடப்பதுபோன்ற தேர்வு நம் ஊர்களில் நடப்பதற்கில்லை. என்றாலும் நூலக வரியைச் செலுத்துகிறவர்கள் நாம். நம் மாவட்ட ஆணைக்குழுவில் யார் இருக்கிறார்கள், நூலகர் பதவிகள் நிரம்பியிருக்கின்றனவா, தலைமைக்கு வருகிறவர் வாசகனை அறிந்தவரா என்று கேட்க நமக்குப் பூரண உரிமை உண்டு. இதைப் படிக்கும் அன்பர்கள் தங்கள் ஊர் நூலகத்துக்குச் சென்று, இந்தக் கேள்விகளைக் கேட்டு, கிடைக்கும் பதில் திருப்தி தராவிட்டால் ஆணைக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.